ஆளிருப்பது போல ஒரு வீடு

செவ்வாய்க்கிழமைதோறும் வெர்னெட்டா இரண்டு குப்பைத் தொட்டிகளைத் தெருவோரம் கொண்டுவந்து வைப்பாள். ஒன்று தன் வீட்டுக்கு, மற்றொன்று ஒட்டியிருந்த காலி வீட்டுக்கு. தன் குப்பையில் பாதியை அதில் போடுவாள். பனி பெய்தால் இரண்டு வீட்டுப் படிகளையும் வழிப்பாள். பின்கதவு வழியாகப் போய் அங்கே மாடி ஜன்னலில் திரைகூட மாட்டியிருந்தாள். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

கிழக்கு பால்டிமோரின் அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே சுவர் ஒன்றுதான். ஆளில்லை என்று தெரிந்தால் குழாய் திருடுகிறவன் வருவான். அவனுக்குப் பின்னால் ஒருநாள் தீ வரும். எதிர்வரிசையில் நான்கு வீடுகள் அப்படிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு நிலச் சங்கம் வைத்திருந்தார்கள். பாழாய்க் கிடக்கும் வீடுகளை நகராட்சியிடம் கேட்டு வாங்கிச் செப்பனிட்டு, எவரும் விற்றுவிட முடியாதபடி சங்கத்தின் பேரிலேயே வைத்து, அந்தப் பகுதி ஆட்களுக்கு வாடகைக்கு விடுவது. ஏப்ரல் மாதம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடியபோது, தலைவி டெலோரிஸ் அந்த வருடத்துப் பட்டியலை வாசித்தாள். பதினோரு வீடுகள்.

"என் பக்கத்து வீடு?" என்றாள் வெர்னெட்டா. கூட்டத்தில் அவள் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"அதுல ஆள் குடியிருக்குன்னு இன்ஸ்பெக்டர் எழுதிட்டாரு. திரை தொங்குது, குப்பை வெளிய வருது. அடியே நெட்டா, நகராட்சியையே ஏமாத்திட்டியேடி!"

"யாரு மிஸ் நெட்டா அந்த ஆளு? எங்களுக்கும் காட்டக் கூடாதா?" என்றார் எதிர்வீட்டு ஆம்ப்ரோஸ். கூட்டமே சிரித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பட்டியல்ல இல்லேன்னா?"

"ஜூன்ல ஏலம். எவனாவது வெளியூர்க் கம்பெனிக்காரன் எடுத்து அப்படியே போட்டுவைப்பான். மறுபடி வந்து பாருங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். முப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் அது காலி வீடாத் தெரியணும். கையக் கட்டிக்கிட்டு இருப்பியா?"

அன்று மாலையே திரையைக் கழற்றினாள்.

அதன்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அந்தப் படியில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சேர்ந்தபோது துடைப்பத்தோடு பாதி தூரம் போய்த் திரும்பினாள். வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து தினமும் ஆம்ப்ரோஸுக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. படியில ஒரு பூனை உக்காந்திருக்கு. விசாரிக்கட்டுமா?"

பத்தொன்பதாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது பக்கத்து வீட்டுப் பின்கதவு பெயர்ந்து கிடந்தது. சுவரை உடைத்துச் செம்புக் குழாய்களை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ஆம்ப்ரோஸும் அவளுமாகக் கதவுக்குப் பலகை அடித்தார்கள்.

"இப்பத்தான் அசல் காலி வீடு" என்றார் அவர்.

"ஆணிய நேரா அடிங்க" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் பின்சந்து வழியாக வந்தார். காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிப் பலகையைப் பார்த்தார், காலி என்று எழுதிக்கொண்டார், போனார்.

இப்போது அந்த வீடு சங்கத்தின் பேரில் இருக்கிறது. கூரை போட்டாயிற்று. குழாய் வேலை பாக்கி. இன்னும் யாரும் குடிவரவில்லை.