எறங்கினதும் ஒரு போன்

இந்த ஊரில் மனிதர்கள் இறங்குவதற்காகவே மலை ஏறுகிறார்கள். கால்கரிக்கு வந்து சில குளிர்காலங்கள் ஓடிவிட்டன, இந்த ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. நான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடையில் ஷெல்லி என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். பேரப்பிள்ளை எடுத்தவள். திங்கட்கிழமை காலையில் கையுறையைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவாள், சனிக்கிழமை எந்த மலைக்குப் போனாள், எத்தனை தடவை சறுக்கி இறங்கினாள் என்று. முதல் வருடம் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "பவுடர் பிரமாதம்" என்றாள். நான் அவசரமாகக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பவுடரை அன்று கொஞ்சம் தூக்கலாகத்தான் பூசியிருந்தேன். புதிதாக விழுந்த பனிக்கு இங்கே பவுடர் என்று பேராம். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். "நீ எப்போது இறங்கப் போகிறாய்?" என்று கேட்டாள். நான் ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளினேன். இன்றுவரைக்கும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நான் நாமக்கல் லாரிக்காரர் மகள். எங்கள் வீட்டில் இறக்கம் என்றால் விளையாட்டு இல்லை, பயம். ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி எப்படியாவது ஏறிவிடும். லோடு வண்டியை இறக்குவதில்தான் டிரைவரின் உயிர் இருக்கிறது. பிரேக் சூடேறிவிட்டால் அப்புறம் சாமி விட்ட வழி. அப்பா வடக்கே லோடு இறக்கிவிட்டு, வேறு லோடு ஏற்றித் திரும்பும்போது பெங்களூர், தருமபுரி தாண்டிக் கடைசியாக வருவது தொப்பூர் கணவாய். சறுக்கு மரம் மாதிரி சேலத்தைப் பார்த்து இறங்கும் அந்த ரோட்டில் வண்டி கவிழ்ந்த செய்தி வராத மாதம் குறைவு. அதை இறங்கிவிட்டால் பிறகு வீடு வரைக்கும் சமவெளிதான். கீழே ஒரு டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அப்பா போன் போடுவார். வணக்கம், சௌக்கியம் எல்லாம் கிடையாது.

"தொப்பூர் எறங்கிட்டேன்."

"சரிங்க, உலை வெக்கறேன்" என்பாள் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. அவர் திரும்பும் நாளில் அந்தப் போன் வரும்வரை அம்மா அடுப்புப் பக்கம் போகமாட்டாள். பசிக்கிறது என்று நான் அழுதால் பன் வாங்கிக் கொடுப்பாள், சோறு வைக்கமாட்டாள். எங்கள் வீட்டில் சோறு பொங்குவதே அப்பா மலை இறங்கிய சேதிதான்.

என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வைத்திருந்த குடும்பம், இங்கேயும் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில்தான் அவருக்கு வேலை. கல்யாணத்துக்கு எடுத்து வந்த லீவு மறுவீட்டு விருந்திலேயே தீர்ந்துபோனது. அவர் திரும்பிப் போய்விட்டார், நான் விசாவுக்காக அம்மா வீட்டில் காத்திருந்தேன். "ஹனிமூன் எங்கியும் போகலையேன்னு நெனைக்காதே. இங்க வந்ததும் பனிமலைக்கே போலாம், நீயே எடம் பாரு" என்று அவர் மூன்று ரிசார்ட்டுகளின் படங்களைப் போனில் அனுப்பினார். புதுப்பெண்ணுக்கு அதைவிட வேறு என்ன வேலை? விறகு எரியும் அறை, இரண்டு கோப்பை, ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று மலை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா அப்போது சர்க்கரையால் கால் மரத்துப்போய், வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார். வீட்டிலேயே அடைந்து கிடந்தவருக்கு என் போன்தான் பொழுதுபோக்கு. நான் மறைத்தாலும் விடமாட்டார்.

"என்ன சாமி பாக்கறே? இங்க காட்டு. இதென்ன எழுதியிருக்குது?"

"ரொமான்டிக் எஸ்கேப்புங்கப்பா."

"எஸ்கேப்புன்னா ஓடிப்போறதுதான? கல்யாணந்தான் பண்ணிக் குடுத்தாச்சே, அப்பறம் எதுக்கு ஓடோணும்?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பொண்ணுகிட்டப் பேசற பேச்சைப் பாரு! போனைக் குடுத்துப்போட்டு மாத்திரையப் போடுங்க."

அப்பா கொடுக்கவில்லை. முதல் ரிசார்ட்டின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். அறையை அல்ல, அதற்குப் பின்னால் மலையைச் சுற்றிப் போகும் ரோட்டை. ஒருமுறை காஷ்மீர் லோடு போய்ப் பனியில் மாட்டிக்கொண்டவர் அவர். முன்னால் நின்ற லாரி, யாரும் தொடாமலே, மெதுவாக நகர்ந்து பள்ளத்துக்குள் போனதைப் பார்த்திருக்கிறார். "சத்தமே இல்லாமப் போச்சு சாமி" என்று எப்போது சொன்னாலும் அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும். "ஐஸ் மேல பிரேக் புடிச்சா வண்டி நம்ம பேச்சக் கேக்காது. இது வேண்டாம்." இரண்டாவது, உறைந்துபோன ஏரிக்கரையில் இருந்தது. ஏரி மேல் ஜோடி ஜோடியாக நடக்கிறார்கள். "கெணத்து மேல கட்டில் போட்டுப் படுக்கற மாதிரி இருக்குது, இதுவும் வேண்டாம்." மூன்றாவதற்கு ரோடே இல்லை. மலையடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு, கம்பியில் தொங்கும் கண்ணாடிப் பெட்டியில் உச்சிக்குப் போக வேண்டும். கோண்டோலா என்று பேர். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"ரோடு இல்லீன்னா வண்டி இல்ல. வண்டி இல்லீன்னா பிரேக்கு புடிக்கற சோலி இல்ல. மாப்ளய இதையே போடச் சொல்லு."

இப்படியாக, எங்கள் ஹனிமூனுக்கு இடம் பார்த்துக் கொடுத்தது ஒரு லாரி டிரைவர். டீக்கடையில் எல்லோரிடமும் "எம்புள்ள கம்பியில தொங்கிட்டுப் போற ஊருக்குப் போவுது" என்று சொல்லி ஓய்ந்துபோனாராம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்?

தை கழியும்முன் விசா வந்தது. கிளம்பும் நாளில் அப்பா காரின் டயர் நான்கையும் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னலருகே குனிந்து, "மேல ஏறினதுக்கெல்லாம் போன் வேண்டாஞ்சாமி. எறங்கினதும் ஒரு போன் போடு" என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

மாசி மாதம் அந்த மலைக்குப் போனோம். முதல் நாள் எல்லாமே படத்தில் பார்த்தபடி இருந்தது. வாடகைக்கு எடுத்த சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்தேன். என்னைத் தூக்க வந்து அவரும் விழுந்தார். அத்தனை நாள் போனில் மட்டும் பார்த்த முகத்தைப் பக்கத்தில் பார்த்துச் சிரித்துக் கிடந்தேன். என் கல்யாண வாழ்க்கையின் முழு சந்தோஷம் அந்த ஒரு நாள். அறைக்கு வந்து வீடியோவில் அப்பாவுக்குப் பனியைக் காட்டினேன். "நல்லாருக்குது, நல்லாருக்குது, தலைக்குத் துண்டு கட்டு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மறுநாள் காலை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், கூப்பிட்டார். அங்கே இருட்டியிருந்தது. "அம்மணி, மனசைத் தைரியமா வெச்சுக்க. சித்தப்பா நம்மள உட்டுப்போட்டுப் போயிட்டாரு." சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். நான் கத்தினேனா, சும்மா இருந்தேனா என்று நினைவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. கொஞ்ச நேரம் விட்டு அண்ணன் கேட்டார்: "எப்ப வந்து சேருவே? அதுக்குத் தக்கனதான் ஐஸ் பெட்டி சொல்லோணும்."

கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு கோண்டோலா ஏறும் இடத்துக்கு ஓடினோம். காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பெட்டிகள் எல்லாம் கம்பியில் அசையாமல் நின்றன. சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பையன் வாசலில் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான். காற்று அடங்கும்வரை ஓடாது என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில், ஊரில் எல்லோரும் சொல்வது போலவே சொன்னேன்: "மை ஃபாதர் எக்ஸ்பயர்டு. ப்ளீஸ், ஐ மஸ்ட் கோ டவுன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றும் கவலைப்படாதே என்றான். காலாவதி ஆகியிருந்தால் கீழே கவுண்டரில் புதுப்பித்துக் கொள்ளலாம், நாளைக்குப் போனாலும் செய்து தருவார்கள், வயதானவர்களுக்குச் சலுகை உண்டு என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவைப் புதுப்பிப்பதா? என் வீட்டுக்காரர்தான் பின்னாலிருந்து, "டெட்... ஹெர் ஃபாதர் இஸ் டெட்" என்றார். அவன் நினைத்தது சறுக்கு மலைக்கான பாஸை. எங்கள் ஊரில் நாளிதழிலும் சுவரொட்டியிலும் மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை இங்கே பால் பாக்கெட்டுக்கும் பாஸுக்கும் சொல்வது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அந்தப் பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டு அழுகிற மாதிரி நின்றான். அவனைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

எங்கள் கண் முன்னாலேயே ஐந்தாறு பேர் சறுக்கிக்கொண்டு கீழே போய் மறைந்தார்கள். அப்புறம் பனிச்சரிவு ஆபத்து என்று அந்த வழியையும் கயிறு கட்டி அடைத்தார்கள். இறங்கத் தெரிந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். லாரிக்காரர் மகள் உச்சியில் உட்கார்ந்திருந்தேன். ரோடு ஒன்று இருந்திருந்தால் எத்தனை வளைவு இருந்தாலும் நடந்தே இறங்கியிருப்பேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ரோடில்லாத இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்களே அப்பா என்று வாய்விட்டு அழுதேன். அங்கே அவரை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இங்கே நான் ஐஸ் மலைமேல்.

அன்று மாலை, ஊரில் அடுத்த நாள் விடிந்ததும், அப்பாவை எடுத்துவிட்டார்கள். நான் என்றைக்கு இறங்குவேன் என்றே தெரியவில்லை, இனியும் வைத்திருக்க முடியாது என்று அண்ணன் போனில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். போனுக்குள் யார் யாரோ வாய்க்கரிசி போட்டார்கள். அண்ணன் எனக்காக ஒரு பிடி போட்டார். படம் நின்று நின்று வந்தது. அம்மாவின் முகம் ஒருமுறைகூடச் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காற்று அடங்கியது. அந்தச் சிவப்புக் கோட்டுப் பையனே எங்களை முதல் பெட்டியில் ஏற்றி அனுப்பினான். கீழே வந்து கால் தரையில் பட்டதும் என் கை தானாக அப்பாவின் நம்பரைப் போட்டது. மணி அடித்தது. எடுத்தாள் அம்மா.

"எறங்கிட்டேம்மா."

"இன்னும் அடுப்புப் பத்த வெக்கலையே சாமி" என்றாள்.

டிக்கெட் கிடைத்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் ஊர் போய்ச் சேர முடிந்தது. பெங்களூரிலிருந்து தொப்பூர் வழியாகத்தான் போனேன். அதன் பிறகும் வருடா வருடம் அதே வழியில் போய் வருகிறேன். அம்மா இங்கே வரமாட்டேன் என்கிறாள். இவருக்கு இங்கேதான் வேலை. தொப்பூர் இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போடுவேன். கால்கரியில் விமானம் இறங்கியதும் மறுபடி போன் போடுவேன். அம்மா இன்னும் அப்பாவின் போனைத்தான் வைத்திருக்கிறாள். என் போனில் இன்னும் 'அப்பா' என்றுதான் வருகிறது.

இந்த வருடம் திரும்பி வந்தபோதும் அப்படித்தான். பெட்டிக்காகக் காத்திருக்கும் இடத்தில் நின்றபடி கூப்பிட்டேன். கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு புது ஜோடி, சறுக்குப் பலகைகளைச் சுமந்துகொண்டு, போனில் ஏதோ ரிசார்ட்டின் படத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எறங்கிட்டேம்மா" என்றேன்.

"சரி சாமி, உலை வெக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் போனை அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை. பிறகு போனில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. லைட்டரை இரண்டு தடவை அழுத்தினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.