பொங்கலன்று போட்ட சர்வர் கணக்கு

சர்வர் எத்தனை வாங்கலாம் என்று கணக்கோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டெஸ்ட் எந்த நாள்ல எடுத்தீங்க?" என்பதுதான். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்போது தாம்பரத்தில், வேலை தேடுவோருக்கான ஓர் இணையதளத்தின் தேடல் பகுதி எங்கள் கையில் இருந்தது. கம்பெனிகள் போடும் புது விளம்பரம் பத்து நிமிஷத்துக்குள் தேடலில் வந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் போய்விடும். அதற்கு எத்தனை சர்வர் என்று சொல்வது என் பொறுப்பு. விளம்பரங்களை இன்டெக்ஸ் செய்யும், அதாவது தேடினால் கிடைக்கும்படி அடுக்கி எழுதும் புரோகிராம் சபீனாவுடையது. பம்மல் பெண், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

யார் தொந்தரவும் இருக்காது என்று பொங்கலன்று டெஸ்ட் வைத்துக்கொண்டேன். நானும் ஒரு மகா புத்திசாலி! அஸ்தினாபுரத்திலிருந்து பைக்கில் வந்தபோது பனி விலகவில்லை. வழியெல்லாம் கோலம். ஆபீஸில் நான் மட்டும். ஓடிக்கொண்டிருந்த இரண்டு சர்வருக்கே விளம்பரங்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. நொடிக்கு இருநூறு, முந்நூறு விளம்பரம். ஏசியின் முனகலில் அதையே பார்த்துப் பார்த்துச் சொக்கிப் போனேன். மதியமா, மாலையா என்றுகூடத் தெரியவில்லை. இந்த வேகத்துக்கு மொத்தம் ஆறு சர்வர் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆறும் வந்தன. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு புது விளம்பரம் தேடலில் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று.

எம்.டி. ராஜசேகர் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஆறு போதும்னு இவரு டெஸ்ட் பண்ணியே காட்டிட்டாரு. அப்ப உன் புரோகிராம்தாம்மா ஸ்லோ. நீ இந்த ப்ராஜெக்ட விட்டுடு."

சபீனா ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். சர்வர்களின் டிஸ்க் செய்த வேலையை மணிவாரியாகக் குறித்திருந்தாள். பத்து மணியிலிருந்து டிஸ்க்குக்கு மூச்சு முட்டியது. தேடுபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் அதுதான், புது விளம்பரத்தை எழுதுவதும் அதுதான். நான் டெஸ்ட் எடுத்த நாளில் தேட ஆளே இல்லை.

புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. அவள் எழுந்து நடந்து, கதவில் கை வைத்த பிறகுதான் சொன்னேன்.

"சார், தப்பு என்னுது. நான் பொங்கலன்னிக்கு டெஸ்ட் எடுத்தேன்."

நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு எழுதுவதற்கென்றே தனியாக நாலு சர்வர் வந்தது; ஒப்பந்தம் தப்பியது. சபீனாவும் ப்ராஜெக்டிலேயே இருந்தாள்.

அன்று அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "பொங்கலுக்கு யாருண்ணா வேலை தேடுவாங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நாள் கேட்கும் பழக்கம் அன்று வந்தது. தப்பு தெரிந்த நொடியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் அன்று கற்றதுதான். அவள் கதவு வரை நடந்த அந்தப் பத்தடி தூரம் இன்னும் என் மனசை அறுக்கிறது.