பூகம்பத்துக்கு ஒரு ஜெபக் குறிப்பு

தேனியில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவனின் மகள் என்ன படிக்கலாம் என்பதற்கு எங்கள் சொந்தத்தில் ஓர் எல்லை உண்டு. நர்ஸ், டீச்சர், மிஞ்சினால் டாக்டர். என் மகளோ மேல்நாட்டுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போய், ஓர் எரிமலைத் தீவைச் சுற்றிக் கடலுக்கு அடியில் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்தாள். ஒரு வருஷம் கழித்துத் திரும்ப எடுப்பார்களாம். அதுவரை பெட்டி என்ன செய்யும் என்று கேட்டவர்களிடம், சும்மா கிடக்கும் என்றேன். அப்படியானால் அரசாங்க வேலைதான் என்று எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

உண்மையில் அந்தப் பெட்டி காது கொடுத்துக் கேட்கிறது. உலகத்தில் எங்கே நிலம் அதிர்ந்தாலும் அந்த அதிர்வு பூமிக்குள் புகுந்து அதுவரை வந்துவிடும். வழியில் சூடான பாறை இருந்தால் கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதங்களை வைத்து, தீவுக்குக் கீழே சூடு எவ்வளவு ஆழத்திலிருந்து ஏறி வருகிறது என்று படம் போட்டுவிடலாம். எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. கேரளாவுக்கு ஏற்றிவிட்ட லாரி எவ்வளவு நேரம் பிந்துகிறது என்பதை வைத்தே, குமுளி மலைப்பாதையில் எந்த வளைவில் மாட்டியிருக்கிறது என்று சொல்கிறவன் நான்.

ஆனால் லாரி ஓடினால்தான் கணக்கு. பெரிய பூகம்பங்கள் வந்தால்தான் படம். அந்த வருஷம் பார்த்துப் பூமி அடங்கிக் கிடந்தது. பெட்டிகள் வெறுங்கையோடு மேலே வந்தால் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இழுக்கும். அவளுக்குப் பேசி வைத்திருந்த பெரியகுளத்து மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வேறு இடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். மகள் போனில் தன் அம்மாவிடம் விளையாட்டாகச் சொன்னாள்: "ஜெபம் பண்ணும்மா, நல்ல பூகம்பமா நாலு வரட்டும்."

என் மனைவிக்கு இந்த மாதிரி விளையாட்டெல்லாம் தெரியாது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம். ஆளாளுக்கு எழுந்து ஜெபக் குறிப்பு சொல்வார்கள். போதகர் எல்லாவற்றையும் சேர்த்து ஜெபிப்பார். அன்றைக்கு ஒருவர் மகனுக்கு விசா கேட்டார். ஒரு அம்மாள் மருமகளுக்கு வெளியூர் மாற்றல் கேட்டார், மருமகளைக் கேட்காமலே. நான் தக்காளி விலை ஏற வேண்டும் என்றேன். ஒட்டன்சத்திரம் பக்கம் செடி பூவோடு அழுகினால்தான் இங்கே விலை ஏறும் என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு என் மனைவி எழுந்து, பூகம்பம் வேண்டும் என்றாள்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். போதகர் அனுபவசாலி. ஆள் இல்லாத இடத்தில், நடுக்கடலுக்கு அடியில், அலை எழும்பாமல், பிள்ளையின் படிப்புக்குப் போதுமான அளவில் ஒரு பூகம்பம் என்று நிபந்தனைகளோடு ஜெபித்தார். பத்திரம் எழுதுகிறவர்கூட அவ்வளவு ஓட்டையில்லாமல் எழுதமாட்டார். எல்லாரும் ஆமென் சொன்னோம்.

சில வாரங்களில் வந்தது. வேறு ஏதோ ஒரு தீவு நாட்டில், ஊரும் வீடுமாக இருக்கிற இடத்தில். டிவியில் இடிந்த வீட்டுக்கு முன்னால் ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த நாளும் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

போதகரைக் கூட்டிவந்தேன். ஜெபத்தால் ஆகாதது ஒன்றுமில்லை என்று மாதம் ஒரு பிரசங்கம் செய்கிறவர், நம்முடைய ஜெபத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது என்று வெகுநேரம் வாதாடினார். பூமி தேனியைக் கேட்டுக்கொண்டு அசைவதில்லை என்று மகளும் போனில் விளக்கினாள். வேதமும் விஞ்ஞானமும் ஒரே கட்சியில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். என் மனைவி இரண்டு பேருக்கும் சரி என்று மட்டும் சொன்னாள்.

பெட்டிகள் மேலே வந்தன. கப்பலிலிருந்து ஒலி அனுப்பினால், அடியில் கட்டிய பாரத்தைக் கழற்றிவிட்டுத் தானாகவே மிதந்து வருமாம். ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தப் பூகம்பம்தான் எல்லாவற்றிலும் தெளிவாகப் பதிந்திருந்தது. அதுவும் மற்றச் சின்னதுகளுமாகச் சேர்ந்து படம் தேறிவிட்டது. மகள் அனுப்பினாள்: தீவுக்குக் கீழே, வெகு ஆழத்திலிருந்து, சிவப்பாக ஒரு தண்டு. பெரியகுளத்துக்காரர்கள் கல்யாணத் தேதி கேட்டு ஆள் அனுப்பினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறைப்பானேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கேட்டது கிடைத்தவர்கள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள். போதகரும் சொல்லச் சொன்னார். அவள் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"பாப்பாவுக்கு நல்லபடியா முடிஞ்சது நாங்கேட்டுத்தான்னு நன்றி சொன்னா, அங்கன அத்தன பேரு செத்தாகளே, அதுவும் நாங்கேட்டுத்தான்னு ஆயிரும். நம்மளால இல்லைன்னு நீங்கதானய்யா சொன்னீக."

போதகர் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடத் தொடங்கினார். அதற்குள் என் முறை வந்துவிட்டது. ஒட்டன்சத்திரத்தில் அந்த வாரம் விடாத மழை. தக்காளி விலை இரட்டிப்பாகியிருந்தது. ஸ்தோத்திரம் சொல்ல எழுந்தேன். வாயைத் திறந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.