தலைச்சன் பிள்ளையும் தட்டைப் பாலமும்

கன்னியம்மாள் கடலையும் நம்பமாட்டாள், கரையையும் நம்பமாட்டாள். புருஷனைக் கடல் கொண்டுபோனது; அவன் வலையையும் கட்டுமரத்தையும் கரையிலிருந்த பங்காளிகள் கொண்டுபோனார்கள். மிஞ்சியது ஒரே மகன் பாவாடை. அவனைக் கட்டுமரத்தில் கால் வைக்க விடாமலே ஆளாக்கிவிட்டாள். குருசுக்குப்பத்துக் கரையில் மீன் எடுத்து, பெரிய வாய்க்காலைத் தாண்டி, நெல்லித்தோப்பு வரை கூடை சுமந்ததெல்லாம் அவனுக்காகத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிச் சில வருஷம் கழித்து, வாய்க்காலின் மேலிருந்த பழைய செங்கல் பாலத்தை இடித்தார்கள். அது முதுகு வளைந்த பாலம். கூடையோடு ஏறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் ஒரு செங்கல்லை இன்னொரு செங்கல் தாங்குவது கண்ணுக்குத் தெரியும். புதிதாக வந்ததோ பலகை மாதிரித் தட்டையான கான்கிரீட் பாலம். கம்பியைப் பின்னிக் கட்டி, ஜல்லியும் சிமெண்டும் குழைத்துக் கொட்டினால் வளைவே இல்லாமல் நிற்குமாம். எப்படி நிற்கும்? உயிர் வாங்காமல் பாலம் நிற்காது, அதுவும் தலைச்சன் பிள்ளையாகப் பார்த்துத்தான் வாங்கும் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். கன்னியம்மாளுக்கு ஒருவர் சொன்னாலே போதும்.

அந்தப் பாலத்து வேலைக்குத்தான் பாவாடை போய்க்கொண்டிருந்தான். கம்பி கட்டும் மேஸ்திரி இராமதாஸ் இவர்கள் சாதிசனம்தான், கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருந்தவர். ஒருநாள் மீன் வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, பாவாடை ஒனக்குத் தலைச்சன் புள்ளையா?"

"இல்லீங்க. முந்தி ஒண்ணு பொறந்து செத்துப்போச்சு. இவன் ரெண்டாவது" என்று கூசாமல் புளுகினாள்.

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதாப் போச்சு. என்ன நட்சத்திரம்?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். தலைச்சன் இல்லையென்ற பிறகும் இவன் எதற்கு நட்சத்திரம் கேட்கிறான்? அந்த மலர்ந்த முகமே அவளை உறங்கவிடவில்லை. அதற்கப்புறம் மகனுக்கு மத்தியானச் சோறு மேஸ்திரி வீட்டிலிருந்து வந்தது. மேஸ்திரியின் மகள் சொர்ணம் அப்பாவுக்குக் கொண்டுவரும்போது இவனுக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறாளாம். கான்கிரீட் போடும் நாளில் கட்டிக்கொள்ளப் புது வேட்டியும் வந்தது. வெட்டப்போகிற ஆட்டுக்குத் தழை காட்டுவதை அவள் பார்த்ததில்லையா?

"வேலைக்குப் போவாதடா" என்று கெஞ்சினாள். அவன் வேட்டியைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் தெரியும், பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை.

அந்த நாளும் வந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். சேவலை அறுக்கக் கத்தியோடு நின்ற மேஸ்திரி, "பாவாடை, நீ முன்னால வாப்பா" என்றார். கற்பூரம் ஏற்றத்தான் கூப்பிட்டார். கன்னியம்மாள் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து மகனை இழுத்தாள். கீழே கிடந்த மண்ணை வாரி மேஸ்திரி முகத்தில் இறைத்தாள்.

"என் தலைச்சன் புள்ளைய பலி குடுக்கப் பாக்கறியா? ஒன் குடும்பம் வெளங்குமாடா?"

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தலைச்சனா? ரெண்டாவதுன்னியேம்மா?"

"பொய் சொன்னேன்! எம் புள்ளைய காப்பாத்தச் சொன்னேன்!"

"எம் பொண்ணும் தலைச்சன்மா. தலைச்சனுக்குத் தலைச்சன் கட்டுனா ஆவாது. அதான் கேட்டேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "பொண்ணப் பெத்தவன், நானே வாயத் தொறந்து சம்பந்தம் கேக்க முடியுமா?"

சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற சொர்ணம் அப்படியே திரும்பிப் போனாள். பாவாடை தாயின் கையை விலக்கினான்.

அந்த வாரமே அவன் நெய்வேலிச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். சொர்ணத்தைத் தவளக்குப்பத்தில் கொடுத்தார்கள். அம்மா பார்த்த பெண்களை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு பொங்கலுக்கு வருவதையும் விட்டுவிட்டான். பாலம் மட்டும் முட்டுகளைப் பிரித்த பிறகும் நின்றது, லாரி போன பிறகும் நின்றது.

அறுபத்திரண்டு வயதிலும் கன்னியம்மாள் அதன் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடந்தாள். "ஒரு உசுரும் வாங்காம நிக்குதே, பாத்தியா?" என்று யாராவது சீண்டினால், கூடையைச் சரிசெய்துகொண்டு சொல்வாள்:

"அது எங்க கேட்டுது? நானாத்தான் குடுத்துட்டேன்."