வயிறு பேசாத அரை நிமிடம்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். நடையில் வேகம் கிடையாது, பேச்சிலும் கிடையாது. சாப்பாட்டில்தான். இருபத்திரண்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். காதில் ஹெட்போன், எதிரே வரிசையாக மினுக்கும் விளக்குகள், மடியில் டிபன் பாக்ஸ். ஒரு விளக்கு அணைந்து அடுத்தது எரிவதற்குள் ஒரு வாய். வாய் நிறைய வைத்துக்கொண்டு "எந்த வார்டு?" என்று கேட்டால் எதிர்முனைக்காரருக்குக் கோபம் வரும். அதனால் மெல்லுகிற வேலையையே விட்டுவிட்டாள். உள்ளே தள்ளுவது, ஒரு மடக்குத் தண்ணீர், "லைன்ல இருங்க."

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஹெட்போன் இல்லை, விளக்கு இல்லை. வேகம் மட்டும் கூடவே வந்தது. மகள் ஒருமுறை செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட். போன வாரத்தைவிட எட்டு செகண்ட் கம்மி. இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்தா மெடல் வாங்கிடலாம்."

"போடி. உங்கப்பாவுக்கு நேரம் வைக்கணும்னா காலண்டர்தான் வேணும்."

அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவர். கடையில் எப்படியோ அப்படியேதான் தட்டிலும். ஒவ்வொரு கவளத்தையும் தேய்த்து, மெருகேற்றி, சரிபார்த்து, அதன்பிறகே உள்ளே அனுப்புவார். அவள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி, அடுப்பைத் துடைத்து, காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் மனுஷன் பாதித் தட்டில் இருப்பார்.

"என்னங்க, சாப்பிடறீங்களா, இல்ல சோத்துக்குக் கண்ணாடி மாட்டிவிடறீங்களா?"

அவர் பதில் சொல்லமாட்டார். வாயில் சாப்பாடு இருக்கும்.

இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் இந்த ஒரு விஷயத்தில் அவள் கை எப்போதும் ஓங்கியே இருந்தது. அது இறங்கிய கதைதான் இது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் போர்டை எடுத்துவிட்டு, தானே பேசுகிற இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். எக்ஸ்பிரஸுக்கு ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, பார்வையற்றவர்களுக்கான நூலகத்தில் புத்தகம் வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். நூலகப் பொறுப்பாளர் அம்மாள், எதையும் லேசில் பாராட்டாதவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "அறுநூறு பக்க நாவல் ஒண்ணு இருக்கு. தாங்குவீங்களா?" என்றார்.

தாங்குவதா! இருபத்திரண்டு வருஷமாக அவள் வாயில் மொத்தமே மூன்று வாக்கியங்கள்தான் புழங்கின. எந்த வார்டு. லைன்ல இருங்க. யாரும் எடுக்கலை. எந்தப் பேச்சையும் அவள் தொடங்கிவைத்தாளே தவிர, எதையும் முடிவு வரை கேட்டதில்லை. இப்போது அறுநூறு பக்கம். தொடங்குவதும் அவளே, முடிப்பதும் அவளே. நாவலைப் பழைய புடவைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பிறந்த குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி இருந்தது என்று மகள் கேலி செய்தாள். கேலிதான், ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவர் நெடுகப் பஞ்சு மெத்தை, ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு நாற்காலி. மின்விசிறி கூடாது, சத்தம் போடும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். நாற்பது வயசிருக்கும், தாடி, எப்போதும் தூங்கி எழுந்த முகம். ஆனால் காது மட்டும் பாம்புக் காது.

முதல் அத்தியாயம் வாசித்து முடித்ததும் அவர் கையைக் காட்டினார். "அப்படியே அசையாம இருங்கக்கா. ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் அரை நிமிஷம் வெறும் அறையோட அமைதியைப் பதிவு பண்ணணும். நடுவுல எங்கயாவது வெட்டி ஒட்டணும்னா அதைத்தான் வெச்சு ஒட்டுவோம்."

எக்ஸ்பிரஸ் அசையவில்லை. மூச்சுகூட மெதுவாக விட்டாள். பத்து விநாடி ஆயிற்று. அப்போது அடிவயிற்றிலிருந்து கிளம்பியது ஒரு சத்தம். கனமான பீரோவை யாரோ இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஆரம்பித்து, கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு நின்றது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி அதை ஒரு பார்வை பார்த்தார்.

"அக்கா, கதையில நாய் ஏதாவது வருதா?"

"இல்லையே தம்பி."

"அப்ப உறுமினது யாரு?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. மறுபடி அரை நிமிஷம். மறுபடி பீரோ. நாலாவது தடவைதான் ஒரு மாதிரி தேறியது. போட்டுக் கேட்டபோது அத்தியாயத்துக்குள்ளேயே ஏழு இடத்தில் வயிறு தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தது. அந்த ஏழு இடத்தையும் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த தடவைக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? காலையில் தேநீரோடு நிறுத்திக்கொண்டு போனாள். இரண்டாவது அத்தியாயம், ஒன்பதாவது பக்கம். காலி வயிறு, காலி வீட்டில் கதவு அடித்துக்கொள்கிற மாதிரி அடித்துக்கொண்டது. பதிவை நிறுத்த வேண்டியதாயிற்று.

மகளுக்குப் பாவமாக இருந்தது. செல்போனில் தேடிப் பார்த்து, "நார்ச்சத்து பத்தாதும்மா உனக்கு. இதுல போட்டிருக்கு" என்றாள். எக்ஸ்பிரஸுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லை. அன்று மாலையே ஒரு கிண்ணம் நிறைய அவித்த பீன்ஸ் விதை, பாதி முட்டைக்கோஸ் பச்சையாக, தவிட்டு ரொட்டி ஆறு துண்டு. வழக்கம்போல் நாலு நிமிஷம். மறுநாள் பதிவு அறையில் என்ன நடந்தது என்பதை விவரிக்க வேண்டாம். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜைக்கடியில் எதையோ தேடுகிற பாவனையில் குனிந்தவர், தோள் குலுங்கக் குலுங்க வெகுநேரம் தேடினார்.

பொறுப்பாளர் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சிரிக்கவில்லை.

"குத்தமா நினைச்சுக்காதீங்க. நம்மகிட்ட கேக்க வர்றவங்களுக்குக் காதுதான் எல்லாம். கதாநாயகி கண்ணீர்விடற இடத்துல பின்னாடி இப்படி ஒரு சத்தம் வந்தா அவங்க யாரை நினைச்சு அழுவாங்க? மூணு வாரம் எடுத்துக்குங்க. மூணாவது அத்தியாயமும் இப்படின்னா நாவலை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடறேன். உங்க குரலை விட மாட்டேன். சின்னச் சின்ன அறிவிப்பு இருக்கு. 'அடுத்த பகுதிக்கு எண் இரண்டை அழுத்தவும்', அந்த மாதிரி."

அறிவிப்பு. எக்ஸ்பிரஸ் அந்த வார்த்தையை மட்டும் மெல்லாமல் விழுங்க முடியாமல் வீடுவரை கொண்டுபோனாள். மறுபடி மூன்று வாக்கியம்.

மறுநாள் பழைய ஆஸ்பத்திரிக்கே போனாள், நோயாளியாக. வயிற்று டாக்டரம்மாவுக்கு அவளை நேரில் தெரியாது. குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"லைன்ல இருங்க! அது நீங்கதானா? எத்தனை வருஷம் என்னைக் காக்க வெச்சிருக்கீங்க!"

சோதித்துப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை என்றார். அப்புறம் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மெல்லாம முழுங்கினா சாப்பாட்டோட காத்தும் சேந்து உள்ள போகுது. பல்லு செய்யற வேலையை வயித்துக்கிட்ட தள்ளிவிட்டா அது முணுமுணுக்காம என்ன செய்யும்? பட்டினி கிடந்தாலும் சத்தம் ஜாஸ்திதான் ஆகும். நார்ச்சத்து நல்லதுதான், ஆனா ஒரு மாசத்துக்கானதை ஒரே சாயங்காலம் சாப்பிடுவாங்களா? கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. தண்ணியைச் சாப்பாட்டை உள்ள தள்ளறதுக்குக் குடிக்காதீங்க, நாள் பூரா பரவலாக் குடிங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் நடங்க."

"மாத்திரை ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

"குடுத்தா அதையும் ஒரே முழுங்கா முழுங்கிடுவீங்க. வீட்ல யாராவது மெதுவாச் சாப்பிடறவங்க இருக்காங்களா?"

எக்ஸ்பிரஸ் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இருந்தா அவங்க எதிர்ல உக்காருங்க. அவங்க கை வாய்க்குப் போறப்பதான் உங்க கையும் போகணும். அவ்வளவுதான் வைத்தியம்."

வேறு எந்த வைத்தியமாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை மூன்று நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். புருஷன் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் எதிர் நாற்காலியை இழுத்தாள்.

"என்னங்க. இன்னிக்கு உங்ககூட உக்காந்து சாப்பிடலாம்னு."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தினமும் என்கூடதானே சாப்பிடறே?"

"இல்ல. முடிக்கற வரைக்கும்."

மனுஷனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகள் மூலமாக முன்னமே தெரிந்திருக்கும். ஆனால் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கச்சேரிக்கு உட்காருகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் கவளம். அவர் மென்றார். அவளும் மென்றாள். அவர் இன்னும் மென்றார். அவள் வாயில் இருந்தது தானாகவே வழுக்கி உள்ளே போகப் பார்த்தது, பிடித்து நிறுத்தினாள். இத்தனை நேரம் ஒரு பொருளை வாயில் வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? கண்ணை எங்கே வைப்பது? சமையலறைக் குழாய் சொட்டுவது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவளுக்கு இதுநாள் வரை தெரியாது.

"நல்லாக் கடிச்சுப் பாரு, ஓடிடாது" என்றாள் மகள் அம்மாவிடம், அப்பாவின் குரலில்.

மூன்றாவது வாயில் காரட் வந்தது. எக்ஸ்பிரஸ் மெல்லுவதை நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். மறுபடி மென்று பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் காரட் நடுவுல வேகவே இல்லை."

"ம்."

"பருப்பும் நறநறங்குது. உப்பும் ஒரு பக்கமாத்தான் இருக்கு."

"ம்."

"இன்னிக்கு மட்டும்தானா?"

அவர் வாயில் இருந்ததை முடித்தார். அதற்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷம் போல நீளமான நிமிஷம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை.

"இருபத்தாறு வருஷமா" என்றார்.

"இருபத்தாறு... ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள நீ துணி மடிச்சுக்கிட்டு இருப்பே. சரி, வேகாததை என்ன செய்யறது? நல்லா மென்னு சாப்பிட வேண்டியதுதான். அப்படியே பழகிடுச்சு."

மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "அதானா அப்பா பல்லு இன்னும் கல்லு மாதிரி இருக்கு!"

சாப்பிடுகிற வேகத்திலேயே அவள் சமைத்தும் வந்திருக்கிறாள். தன் சமையல் நாக்கில் தங்கினதே இல்லை என்பதால் அவளுக்கு மட்டும் அது தெரியாமலே போயிற்று. எக்ஸ்பிரஸ் கோபப்படுவதா சிரிப்பதா என்று யோசித்தாள். யோசிக்க நேரம் இருந்தது. தட்டில் பாதி அப்படியே கிடந்தது. கடைசியில் எழுந்துபோய்ப் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அன்று முடிக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று, அதில் பத்து நிமிஷம் காரட் வேக.

அடுத்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் காய் வெந்தது. காலை எட்டரைக்கு எதிரெதிரே இரண்டு தட்டு. பீன்ஸ் விதை ஒரு கரண்டி, அடுத்த வாரம் இரண்டு. அவள் தோற்ற நாட்களும் உண்டு. நாலு வாய் ஒழுங்காக மென்றுவிட்டு ஐந்தாவதில் பழைய போர்டுக்கு ஓடிவிடுவாள். உடனே புருஷன் கரண்டியால் தட்டின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். "லைன்ல இரு" என்பார். இருபத்தாறு வருஷம் காத்திருந்து சொல்கிற சந்தோஷம் அதில் தெரியும்.

மூன்றாவது அத்தியாயத்தன்று எட்டரைக்குச் சாப்பிட்டு, நூலகத்துக்கு நடந்தே போனாள். பத்தரைக்கு மைக் முன்னால் உட்கார்ந்தாள். கதாநாயகி அழுகிற அத்தியாயம். நாற்பத்திரண்டு நிமிஷம் வாசித்தாள். கதாநாயகி நிம்மதியாக அழுது முடித்தாள். குறுக்கே யாரும் பேசவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை உயர்ந்தது. அரை நிமிஷம்.

பொறுப்பாளர் அம்மாளும் வந்து ஒலிப்பதிவாளர் பின்னால் நின்றிருந்தார். எக்ஸ்பிரஸ் மேஜையின் மரக் கோடுகளை எண்ணினாள். பத்து விநாடி. உள்ளே ஏதோ லேசாகப் புரண்டு படுத்த மாதிரி இருந்தது. தயவுசெய்து, என்றாள் மனசுக்குள், லைன்ல இரு. இருபது. பஞ்சுச் சுவர் காதை அழுத்தியது. முப்பது.

கை இறங்கியது. மைக் மேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

அணைந்ததும் வயிறு ஒரே ஒரு தடவை, ரொம்ப மரியாதையாக, "கொர்ர்" என்றது.

ஒலிப்பதிவாளர் தலையை நிமிர்த்தினார். "அக்கா, இது பதிவுல இல்ல. விளக்கு அணையற வரைக்கும் காத்திருந்துதான் பேசுச்சு."

பொறுப்பாளர் அம்மாள் சிரித்ததை அன்றுதான் அந்த நூலகத்தில் முதல்முறையாகப் பார்த்தார்கள். "நாலாவது அத்தியாயம் செவ்வாய்க்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளுக்காகக் காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டார். அவள் ஏற்கெனவே முதல் வாயை எடுத்துவிட்டிருந்தாள். அதனால் பதில் சொல்லவில்லை. நிதானமாக மென்றாள். இன்னும் மென்றாள்.

"அட, சொல்லேன்!" என்றார் அவர். அவருக்கு அவசரம் வந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எக்ஸ்பிரஸ் ஒரு விரலை உயர்த்தி, லைனில் இருக்கச் சொன்னாள்.