படிக்காமல் கிடந்த எட்டு மாதத் தபால்

இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் சாமான்களுக்கு டை, அதாவது அச்சு, செய்து கொடுக்கும் சின்ன கம்பெனியில் அப்போதும் இப்போதும் எனக்கு ஆபீஸ் வேலை. பில் போடுவது, போன் எடுப்பது, கூடவே கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பது. லினக்ஸ் தெரியும் என்று இன்டர்வியூவில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் தொலைத்ததால் வந்த வினை அது.

கம்பெனியின் உயிரே ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. டிராயிங் போடும் பெண்ணின் ஆறு வருஷ உழைப்பு மொத்தமும் அதற்குள். கள்ளிக்குப்பத்துப் பெண், வாய் அதிகம், கை அதைவிட வேகம். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, அன்றைக்கே முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். அதற்குள் ஒரு பெரிய ஆர்டரின் கடைசி டிராயிங்கை முடித்தாக வேண்டும்.

அந்தக் காலையில் அவள் டிராயிங்கைச் சேமிக்கப் போனால், இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. எது இடத்தை அடைத்திருக்கிறது என்று தேடினேன். ஒரே ஒரு ஃபைல், பூதம் மாதிரி வீங்கிக் கிடந்தது. பார்த்தால் என் பெயரில் இருந்த மெயில் பெட்டி!

விஷயம் என்னவென்றால், நான் அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையும்போதெல்லாம் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும், உங்களுக்குப் புது மெயில் வந்திருக்கிறது என்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாகப் போனைத் திறந்து பார்ப்பேன். பேங்க் விளம்பரமும் சட்டைக் கடை விளம்பரமும்தான் இருக்கும். இந்த மெஷின் சும்மா புளுகுகிறது என்று முடிவுகட்டி, எட்டு மாதமாக அந்த வரியைக் கண்டுகொள்ளவே இல்லை. அது இன்டர்நெட் வழியாக வரும் மெயில் இல்லை, கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே எழுதித் தன் பெட்டியிலேயே போட்டு வைக்கும் மெயில் என்பது இந்த லினக்ஸ் புலிக்குத் தோன்றவே இல்லை.

எதற்கு வம்பு, மொத்தமாக அழித்துவிடலாம் என்று கட்டளையை டைப் செய்துவிட்டேன். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி. பின்னால் நின்றுகொண்டிருந்தவள் சொன்னாள்:

"இன்னாண்ணா, உனக்கு வந்த லெட்டரத்தான தூக்கிப் போடுற? இன்னா எழுதிக்கீதுன்னு ஒரு தபா பாத்துட்டுப் போடேன்."

சரி, அவள் வாய்க்காகவாவது பார்ப்போம் என்று திறந்தேன். நகல் எடுத்து வைக்கும் டிஸ்க்கைக் காணவில்லை என்று முதல் வரி. அதற்குக் கீழே அவள் போட்ட டிராயிங் ஒவ்வொன்றின் பெயரும், பக்கத்திலேயே நகல் ஆகவில்லை என்ற குறிப்பும். பக்கெட் மூடி, டிபன் பாக்ஸ் கைப்பிடி, சோப்பு டப்பா என்று ஆறு வருஷமும் ஓடியது. அடுத்த மெயிலிலும் அதே. மணிக்கு ஒரு மெயில், எட்டு மாதமாக. எனக்கு முன் இருந்தவர், எல்லாம் தானாக நகல் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் மெயிலின் தேதியைப் பார்த்தேன். நான் சேர்ந்த இரண்டாவது வாரம். மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், நகல் டிஸ்க் இருந்த கறுப்புப் பெட்டி விளக்கில்லாமல் தூங்குகிறது. அதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் டீ கெட்டிலைச் சொருகியிருக்கிறார்கள். யார்? சாட்சாத் நான்தான்.

அசடு வழிய அவளிடம் ஒப்புக்கொண்டேன். கெட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எட்டு மாசமா அந்த டீயத்தாண்ணா நானும் குடிச்சிகினு கீறேன்."

கெட்டில் வெளியேறியது, டிஸ்க்குக்கு உயிர் வந்தது. மெயில் பெட்டியைக் காலி செய்தேன். சாயங்காலத்துக்குள் எல்லா டிராயிங்கும் நகல் ஆனது. இனிமேல் கம்ப்யூட்டர் எழுதுவது என் போனுக்கே வரும்படி மாற்றினேன். முதல் இரண்டு தடவை வரவில்லை. மூன்றாவது தடவை போன் சிணுங்கியதும் சின்னப் பிள்ளை மாதிரி அவளிடம் ஓடிப் போய்க் காட்டினேன்.

வியாழக்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே இருந்த டிஸ்க் கரகரவென்று அரைத்துவிட்டு அடங்கிவிட்டது. அவள் முகம் வெளுத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புப் பெட்டியை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன். திறந்தால், புதன்கிழமை சாயங்காலம் அவள் போட்ட கோடு வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கிறது! அன்று மாலையே கடைசி டிராயிங்கை முடித்துக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் வளைகாப்புக்குப் போனோம். இரண்டு கையிலும் வளையல் கலகலக்க, இவருதான் அந்த டீ அண்ணன் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் காட்டிக்கொடுத்துவிட்டாள். ஆளாளுக்குச் சிரித்தார்கள். என் இலையில் மட்டும் புளிசாதம் இரண்டு மடங்கு விழுந்தது.

இப்போது அவள் மகன் ஓடுகிறான். அவளும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தினமும் காலையில் நான் பட்டாபிராமில் ரயில் ஏறியதும், எல்லாம் நகல் ஆகிவிட்டது என்று புதுக் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு மெயில் வரும். சுவாரசியமே இல்லாத அந்த மெயிலைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். பக்கெட் மூடியிலிருந்து சோப்பு டப்பா வரை எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அன்றைய பொழுதே விடிகிறது.