நீக்கிய ஆறு பட்டைகள்

தாத்தாவின் கைபேசி அவருடைய விரலை ஒருநாளும் அடையாளம் கண்டதில்லை. தாத்தா என்றதும் யாரும் கிழவரை நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட எட்டு வயது மூத்தவர், உடன்பிறந்தவர் அல்லர், உடன் வேலை செய்தவர். நாள் முழுக்க அசிட்டோனில் துணியை நனைத்து நனைத்துத் துடைத்ததில் அவருடைய விரல் நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன. கையுறை கொடுத்திருந்தோம், மாம்புரிக் கடற்கரையின் புழுக்கத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் யார் அதைப் போட்டிருப்பார்? கைபேசியின் கண்ணாடியில் விரலை மூன்று தடவை வைத்துப் பார்ப்பார். “இந்தப் போனுக்கும் என்னத் தெரியாதாம் தம்பி” என்று சிரித்துவிட்டு இலக்கங்களை அழுத்தித் திறப்பார்.

நாங்கள் வேலை செய்தது பசைகளைச் சோதிக்கும் ஒரு சிறிய கொட்டகையில். கொழும்பிலுள்ள ஒரு கம்பனி, படகுகளுக்கு என்று புதிதாக ஒரு பசையைத் தயாரித்திருந்தது. இரண்டு டின்களில் வரும். கலந்து பூசினால் படகின் பைபர் உடலும் மரப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உப்பும் வெயிலும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கத்தான் மாம்புரிக் கரையில் அந்தக் கொட்டகை. பைபர் பட்டையையும் பலகைப் பட்டையையும் நுனியோடு நுனி ஒட்டி, காயவிட்டு, கூடையில் அடுக்கிக் கடலுக்குள் இறக்குவோம். மாதம் கழித்து எடுத்து இயந்திரத்தில் கொடுத்து இழுப்போம். பட்டைகளை அசிட்டோனால் துடைத்து ஒட்டுவது தாத்தாவின் வேலை. எவ்வளவு இழுவையில் உடைகிறது என்ற எண்ணைக் குறித்து, அறிக்கை எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலை. அந்தக் கையெழுத்தின்மேல் எனக்கு அப்போது கொஞ்சம் திமிரும் இருந்தது.

எண் எதைச் சொன்னாலும் தாத்தா முதலில் உடைந்த ஒட்டின் முகத்தைத்தான் பார்ப்பார். பசை நடுவால் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் நல்லது. பசை தன்னால் முடிந்தமட்டும் பிடித்துவிட்டுத்தான் தோற்றிருக்கிறது. ஒரு பக்கம் முழுப் பசையும், மறுபக்கம் கழுவித் துடைத்த பீங்கான்போல வெறுமையும் இருந்தால் அது கெட்டது. அப்படிப்பட்ட ஒட்டு காய்ந்திருக்கும்போது கல்லாக நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே போய், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும்.

தாத்தா தன் மகளின் கல்யாணத்துக்காக ஒரு கிழமை, ஏழு நாள், லீவு எடுத்தார். அந்தக் கிழமைக்கு, கற்பிட்டியில் படகு திருத்தும் யார்ட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தேன். நல்ல வேலைக்காரர்கள். பசை டின்னைத் திறக்கும் முன் சட்டைப்பையிலிருந்து சின்னப் போத்தலொன்றை எடுத்துத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, முழங்கைவரை தேய்த்துக்கொண்டார்கள். பலாப்பழம் வெட்டும்போது பால் ஒட்டாமலிருக்க வீட்டில் எல்லாரும் செய்வதுதானே! பசை கையில் பிடித்தால் தோல் வெந்துவிடும் என்றார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. அந்தக் கையாலேயே பைபரைத் தொட்டுப் பிடித்து அவர்கள் ஒட்டிய பட்டைகள் ஆறு.

மாதம் கழித்து இழுத்தபோது தாத்தாவின் பட்டைகள் எல்லாம் நன்றாகவே தாங்கின. அந்த ஆறும் பாதி இழுவைகூடத் தாங்காமல் கழன்றன. பைபர் பக்கம் பளபளவென்று வெறுமையாக இருந்தது. கொழும்பிலிருந்து மனேஜர் முடிவைக் கேட்டுக் காலையிலிருந்து மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. செய்முறைத் தவறு உள்ள மாதிரிகளை நீக்கலாம் என்று விதி இருக்கிறது. எண்ணெய்க் கையால் தொட்டது தவறுதானே? நீக்கினேன்.

தாத்தா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, அந்த ஆறையும் வீசிராதீங்க. யார்ட்டுல ஒட்டுற ஆக்கள் எல்லாரும் எண்ண பூசித்தான் தொடுறாங்க.”

“பரிசோதனை எண்டா பசையப் பார்க்கிறது தாத்தா. ஆக்கள்ட கையப் பார்க்கிறதில்ல.”

“நீங்க என்ட கைய வெச்சிப் பார்த்திருக்கீங்க. கடலுக்குப் போறது அவங்கட கைதானே? எங்கட ஊட்டுக்காரர் இந்தப் பசை வரட்டும் எண்டு காத்துக்கொண்டு இருக்கார், போட்டுக்குப் புதுப் பின்பலகை போட.”

தாத்தாவின் கணவருக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. பின்பலகை என்பது படகின் பின்புறத்தில் எஞ்சினை மாட்டும் பலகை. எஞ்சினின் பாரமும் உதைப்பும் முழுவதும் அதன்மேல்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். “அப்ப அவங்களக் கைய கழுவச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். ஆறு பட்டைகளும் அன்றே குப்பைக்குப் போயின.

தாத்தா சொல்லாமல் விடவில்லை. கணவரிடம் சொன்னார், கணவர் யார்ட்டில் போய்ச் சொன்னார். அவர்கள் என் அறிக்கையின் பிரதியைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்களாம். “லாப்புல நல்லம் எண்டு எழுதியிருக்கு நானா, பொறகென்ன பயம்?” என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். நானா என்றால் அண்ணன். அடுத்த நாள் தாத்தா இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. நான் அந்தப் பேச்சை வளர்க்க விரும்பவில்லை.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன்பே அது நடந்தது. கடல் பெரிதாகப் புரண்டுகூட இருக்கவில்லை. தாத்தாவின் கணவர் கடைசியில் என் அறிக்கையை நம்பி, அதே யார்ட்டில் அந்தப் பசையாலேயே பின்பலகை போட்டிருந்தார். அவருடைய படகில் அன்று இரண்டு பேர். எஞ்சின் பலகையோடு சேர்ந்து கழன்றது. பின்பக்கத்தால் தண்ணீர் ஏறியது. “தோல் உரியிற மாதிரிக் கழண்டு வந்திச்சு, ஒரு சத்தமும் இல்ல” என்று உயிர் தப்பிய மற்றவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து, வேறு படகுக்காரர்களால் கரைசேர்ந்தார். தாத்தாவின் கணவர் உடலாக இரண்டாம் நாள்தான் கரையொதுங்கினார். ஜனாஸாத் தொழுகையில் நான் பின்வரிசையில் நின்றேன்.

கயிற்றால் படகோடு கட்டியிருந்ததால் எஞ்சினும் பலகையும் கிடைத்தன. யார்ட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் பசை முழுவதும் அப்படியே இருந்தது. இறுகிய பசையின்மேல் வரிசையாக எண்ணெய்க் கையின் விரல் தடங்கள். படகின் பக்கம் வெறுமை. எனக்கு முன்னமே தெரிந்த அதே வெறுமை.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வெட்கமானது. அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஆனால் முதலில் தாத்தாவிடம் மாப்புக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காகிதத்தைத் தொட வேண்டும், அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அவரோ இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. அந்நிய ஆண் போய்ப் பேச முடியாது. ஆகவே காத்திருந்தேன். மனேஜரும் “ஒரு படகுதானே, காற்றாகவும் இருக்கலாம்” என்றார். அதைக் கேட்டபோது உள்ளுக்குள் எனக்கு ஆறுதலாக இருந்தது. மார்க்கத்தையும் மரியாதையையும் சாட்டாக வைத்துக்கொண்டு என் பயத்தைப் பாதுகாத்தேன். அந்த மாதங்களில் பசை டின்கள் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் கடை கடையாகப் போய்க்கொண்டிருந்தன.

இத்தா முடிந்த மறுநாள் போனேன். தாத்தா மெலிந்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, பிளேன்டீயும் தந்தார்.

“தாத்தா, என்ன மாப்புச் செய்யுங்க. அந்த ஆறையும் நான் எடுத்தது பிழை. நாளைக்கே றிப்போட்டத் திருத்துறேன்.”

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசுவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் என்னை விளங்காதவர்போலப் பார்த்தார்.

“இன்னும் திருத்தலயா?”

“இல்ல” என்றேன்.

“அவர அடக்கின அண்டைக்கே திருத்தியிருப்பீங்க எண்டுதான் தம்பி நான் நினைச்சிக்கொண்டு இருந்தன். யா அல்லாஹ்! இவ்வளவு நாளும் எத்தன பேருக்குப் பின்பலகை அடிச்சிருப்பாங்க?”

அறிக்கையைத் திருத்தினேன். கம்பனி பசையைத் திருப்பி எடுத்தது, டின்னில் எச்சரிக்கை அச்சடித்தது, பிறகு கொட்டகையையும் மூடியது. ஆனால் அந்த நான்கு மாதங்களில் யார் யார் படகில் அது பூசப்பட்டது என்று எந்த யார்ட்டிலும் எழுதி வைக்கவில்லை. நானும் தாத்தாவும் போய்க் கேட்ட இடங்களில் சிலர் பலகையைக் கழற்றி மாற்றினார்கள். சிலர் படகை விற்றுவிட்டிருந்தார்கள், மன்னார்ப் பக்கம், நீர்கொழும்புப் பக்கம் என்று. இப்போது நான் தில்லையடியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறேன். கச்சான் எழும்பும் நாட்களில் போன் அடித்தால் எடுப்பதற்கு முன் கொஞ்சம் நிற்பேன். எண்ணெய்க் கை பட்ட அந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாருமே சோதித்துப் பார்க்கவில்லை. அந்தப் படகுகள் இன்றைக்கும் கடலுக்குப் போய்த்தான் வருகின்றன.